நெடுந்தீவு வள்ளத்தில் வந்தது

உங்கள் மென்பொருள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் பணி அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சாதனை ஏதும் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம் என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தீர்கள். சாதனை ஒன்று இருக்கிறது. மூன்று வருட உழைப்பு, இருநூற்றுச் சொச்சம் திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் முழுப்பெயர். ஒரே ஒரு குறை, அந்த உழைப்பில் பெரும்பகுதி என்னுடையது அல்ல.

ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் அப்போது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில், சரவணை என்ற ஊரில் இருந்த ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால், காலையில் பக்கத்து ஊரான சுருவிலில் இருந்து சைக்கிளில் வந்து கதவைத் திறப்பவர். ஜெனரேற்றரின் கயிற்றை இழுப்பவர். அது மூச்சுவிட மறுத்தால், "இன்றைக்கு நாங்கள் கணினியின் வரலாற்றைப் படிப்போம்" என்று மாணவர்களுக்கு அறிவிப்பவர். எங்கள் மாணவர்களுக்குக் கணினியின் வரலாறு மிக நன்றாகத் தெரியும்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்து, தீவுப் பக்கம் தொலைபேசியும் வந்திருந்த காலம். என்னோடு பள்ளியில் படித்த மடத்துவெளிக்காரர் ஒருவர் ஒஸ்லோவில் இருந்தார். அவர் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கென ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதத் தொடங்கினார். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், இலவசமாகப் பாவிக்கலாம். வேலை என்னவென்றால், நேரசூசி போடுவது. எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் போவது என்று கணக்குப் பார்த்துத் தருவது. பள்ளி அதிபர்மார் தை மாதம் முழுவதும் அழிறப்பரும் பென்சிலுமாக மல்லுக்கட்டும் வேலையை அது இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும் என்றார். நம்பினேன். இரண்டு நிமிடத்தில்தான் முடித்தது. ஆனால் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அது போட்ட முதல் நேரசூசியில், காலை முதலாம் பாடம் படிப்பிக்க வேண்டிய ஐந்து ஆசிரியர்களில் நான்கு பேர் அந்த நேரம் நடுக்கடலில் இருப்பார்கள்.

ஒஸ்லோக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஊரைவிட்டுப் போய் இருபது வருடம். நெடுந்தீவு ஆசிரியர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிக்கொண்டு வந்து சேருகிறவர்கள் என்பது அவருடைய மென்பொருளுக்குத் தெரியாது.

அதைத் தெரியப்படுத்தியவர்தான் ஜெசிந்தா ரீச்சர். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்து அங்கேயே கணிதம் படிப்பித்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடற்தொழில். எங்கள் நிலையத்தில் நடந்த மூன்று கிழமைப் பயிற்சிக்கு வந்து, முதல் கிழமை நான் சொன்னதை எழுதினார்; இரண்டாம் கிழமை கேள்வி கேட்டார்; மூன்றாம் கிழமை நான் கரும்பலகையில் எழுதிய நிரலில் பிழை பிடித்தார். சான்றிதழை அவரிடம் கொடுக்குமுன் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். பிறகு அவர் நெடுந்தீவில் இருந்தபடி எழுதி அனுப்பிய முதல் திருத்தம் "வள்ள விதி": வள்ளத்தில் வரும் ஆசிரியருக்கு முதலாம் பாடம் போடாதே, கடல் குழப்பமான நாளில் தீவில் இருக்கும் ஆசிரியர்களை மட்டும் வைத்து மாற்று நேரசூசி போடு.

நெடுந்தீவில் இணையம் இல்லை. மின்சாரமும் நாளில் சில மணித்தியாலம்தான். ஆகவே அவர் எழுதுவதை டிஸ்கெற்றில் ஏற்றி, பொலித்தீனில் சுற்றி, ஒரு பிஸ்கற் ரின்னில் வைத்து வள்ளத்தில் யாரிடமாவது கொடுத்துவிடுவார். அது குறிகட்டுவானில் இறங்கி மினிபஸ் ஏறி என் மேசைக்கு வரும். நயினாதீவில் இருந்தும் அனலைதீவில் இருந்தும் இப்படி இரண்டொருவர் அனுப்பினார்கள். நான் தொலைபேசி இணைப்பை எடுத்து, அது விழுவதற்குள் ஒஸ்லோவில் இருந்த பதிவேட்டில் ஏற்றிவிடுவேன்.

பதிவேடு என்று நான் சொல்வதைத்தான் நீங்கள் பதிப்புக் கட்டுப்பாடு என்கிறீர்கள். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று குறித்துவைக்கும் புத்தகம். அப்போது எங்களிடம் இருந்தது சீவீஎஸ் என்ற பழைய முறை. தீவுகள் எல்லாவற்றுக்குமாக அதில் ஒரே ஒரு கணக்குத்தான். அதற்குப் பெயரும் "தீவு" என்பதுதான். தொலைபேசி ஒன்று, மேசை ஒன்று, ஏற்றுகிறவன் ஒருவன், பிறகெதற்கு நாலு கணக்கு என்பது என் வாதம். உண்மையில் நாலு கணக்குத் திறப்பதற்கு நாலு மின்னஞ்சல் எழுத எனக்குப் பஞ்சி, சோம்பல்.

ஒவ்வொரு திருத்தத்தோடும் அது ஏன் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். நான் எழுதிய குறிப்புகள் ஆங்கில எழுத்தில் தமிழாக இருக்கும்: "நெடுந்தீவு வள்ளத்தில் வந்தது. கடல் குழப்பம். டிஸ்கெற் ஈரம், பாதிதான் திறந்தது." அடுத்த நாள்: "அதே திருத்தம், இரண்டாவது டிஸ்கெற். ஆடு ஏற்றி வந்த வள்ளம். இது காய்ந்திருக்கிறது." இன்னொன்று: "நெடுந்தீவு வள்ளத்தில் வந்தது. ரீச்சரின் வள்ள விதி ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் வைக்கிறது. திருத்தி அனுப்பியிருக்கிறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம் இதுதான். வள்ளப் பட்டியலில் ஞாயிறுக்கு ஆசிரியர் எவரும் இல்லாததைப் பார்த்த மென்பொருள், கடல் குழப்பம் என்று முடிவுகட்டி, தீவில் இருப்பவர்களை வைத்துப் பாடம் போட்டுவிட்டது. பூசைக்குப் போகவேண்டிய ரீச்சருக்கே இரண்டு பாடவேளை.

ஒஸ்லோக்காரருக்கு என் குறிப்புகளைக் கண்டால் எரியும். தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐசே, இது பதிவேடு. இறங்குதுறைக் கொப்பி இல்லை" என்பார். கனடாவில் இருந்தும் ஜெர்மனியில் இருந்தும் ஆட்கள் பார்க்கிறார்கள், ஆடு என்ன செம்மறி என்ன என்று கேட்கிறார்கள் என்பார். நான் வெட்கப்படுவதாகச் சொல்வேன். அடுத்த நாள் வேறு வள்ளம் வரும், வேறு குறிப்பு எழுதுவேன்.

இதில் ஜெசிந்தா ரீச்சருக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. "என்ர டிஸ்கெற் கடலிலை விழுந்ததோ, உங்கட மேசைக்குக் கீழ விழுந்ததோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?" என்று ஒருமுறை கேட்டார். நியாயமான சந்தேகம். என் மேசைக்குக் கீழே பல டிஸ்கெற்றுகள் விழுந்திருக்கின்றன. ஆகவே மாதம் ஒருமுறை பதிவேட்டின் குறிப்புகளை அப்படியே அச்சடித்து, அந்த ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளைச் சுருட்டி, வள்ளத்தில் திருப்பி அனுப்புவேன். பற்றுச்சீட்டு மாதிரி. அனுப்பியதோடு மறந்தும்விடுவேன்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

2005இல் ஒஸ்லோக்காரர் பழைய சீவீஎஸ்ஸை விட்டுவிட்டு சப்வேர்ஷன் என்ற புதிய முறைக்கு மாறுவோம் என்றார். எல்லோரும் மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய பதிவேட்டைப் புதியதற்குக் கொண்டுபோகும் வேலையை யார் பொறுப்பெடுப்பது என்று குழுவில் கேட்டபோது, யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் இருந்து ஒரு கை உயர்ந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் முதல் நாள்தான் சப்வேர்ஷன் என்ற சொல்லையே கேள்விப்பட்டிருந்தான்.

மாற்றும் வேலையை நான் விபரிக்கப் போவதில்லை. அது ஒரு கட்டளை. உங்களில் சின்னவருக்கே தெரியும். அந்தக் கட்டளைக்கு முன்னால் நான் எடுத்த இரண்டு முடிவுகளைத்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது: புதிய முறையில் கணக்குப் பெயருக்குப் பதிலாக ஆளின் முழுப்பெயர் வரும்படி செய்யலாம். "தீவு என்கிறது ஆர்? பெயர் அனுப்பும்" என்று ஒஸ்லோக்காரர் கேட்டார். நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. தொலைபேசி என்னுடையது, மேசை என்னுடையது, தட்டுகிற விரல் என்னுடையது. தலைப்பெழுத்துகளோடு என் முழுப்பெயரை எழுதி அனுப்பினேன்.

இரண்டாவது: புது வீட்டுக்குப் போகும்போது ஆடும் ஈரமும் எதற்கு என்று தோன்றியது. மூன்று வருடமாகத் திட்டு வாங்கியதற்கு ஒரு பரிகாரமாகவும் இருக்கட்டுமே. என் கடல் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் நல்ல ஆங்கிலத்தில் "நேரசூசிப் பகுதி மேம்படுத்தப்பட்டது" என்று போட்டேன். எல்லாவற்றுக்கும் அதே வரி. படிப்பதற்கு வெள்ளை வேட்டி கட்டி வரிசையில் நிற்பது போல் இருந்தது. ஒஸ்லோக்காரர் முதல் தடவையாகப் பாராட்டினார். அவருடைய சேவரில் இடம் போதாமல் இருந்ததால், ஒரு கிழமை பார்த்துவிட்டுப் பழைய பதிவேட்டை அழிக்கலாமா என்று கேட்டார். தாராளமாக அழியும் என்றேன். தாராளம் அந்த மாதம் என்னிடம் நிறைய இருந்தது.

புதிய பக்கத்தைத் திறந்தால் என் பெயர், அதன் கீழ் என் பெயர், இன்னும் கீழே போனாலும் என் பெயர். மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இவ்வளவும் நீங்களோ செய்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன் குசினிப் பைப் நாலு மாசமா ஒழுகுது?"

அந்தக் கேள்விக்குள் ஒரு விசாரணைக் குழு இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை பதினொரு மணிபோல ஜெசிந்தா ரீச்சர் நிலையத்துக்கு நேரே வந்தார். பள்ளிக்கூட நாளில் அவர் நெடுந்தீவை விட்டு வருவதே இல்லை. கையில் பிஸ்கற் ரின், கக்கத்தில் ஒரு தடித்த கோவை. கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. ஒரு கடிதத்தை நீட்டினார்.

கொழும்பில் ஒரு நிறுவனம் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கொடுப்பதாக விளம்பரம் செய்திருந்தது. பட்டம் பெற்ற பின் மென்பொருள் செய்தவராக இருக்க வேண்டும், செய்ததை யாரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேற்படக் கூடாது. ரீச்சருக்கு அந்த வருடம் முப்பத்தைந்து. எனக்குச் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் சொல்லலாம் என்று. சான்றாகக் கொடுத்திருந்தது எங்கள் மென்பொருளின் முகவரி. கடிதத்தில் அவர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தது இதுதான்: நீங்கள் தந்த பக்கத்தைப் பார்த்தோம். மூன்று வருடப் பதிவில் எங்கும் உங்கள் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பத்தை நீக்க வேண்டியிருக்கும்.

நான் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்பதால், நாலாம் தரமும் வாசிக்கத் தயாராக இருந்தேன்.

"பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ அண்ணை" என்றார்.

இணைப்பு அன்றைக்கென்று ஒரே தடவையில் எடுபட்டது. காட்டினேன். என் பெயர், என் பெயர், என் பெயர். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது ஞாயிற்றுக்கிழமைப் பிழை திருத்தின நாள். இதிலை வள்ளம் எங்க?"

"துடைச்சுப்போட்டன்."

"ஆடு?"

"அதையும்."

அதன் பிறகுதான் கதிரையில் இருந்தார்.

எனக்கு உடனே வந்த யோசனை, ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது. இவ்வேலைகளை இவரே செய்தார் என உறுதிப்படுத்துகிறேன், இப்படிக்குப் பொறுப்பாளர். ரப்பர் முத்திரை கூட மேசை லாச்சிக்குள் இருந்தது. ரீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினார். பக்கம் முழுக்க ஒருவருடைய பெயர் இருக்க, அதே ஆள் "அது நான் இல்லை" என்று கடிதம் கொடுத்தால், கேட்கிறவர்கள் கடிதத்தை நம்புவார்களா, பக்கத்தை நம்புவார்களா என்று கேட்டார். பக்கம் திருந்த வேண்டும்.

திருத்தலாம். புதிய முறையில் அந்த வசதி இருந்தது. பழைய வரியின் பெயரையும் குறிப்பையும் பிறகும் மாற்றலாம், சேவர்க்காரர் பூட்டைத் திறந்துவிட்டால். ஆனால் எந்த வரி யாருடையது? இருநூற்றுச் சொச்சம் வரிகளில் எதை நெடுந்தீவு அனுப்பியது, எதை நயினாதீவு அனுப்பியது என்று சொல்லக்கூடிய ஒரே தடயம் என் வள்ளக் குறிப்புகள். அவற்றை நானே துடைத்திருந்தேன். துடைக்காத மூலத்தை அழிக்கவும் நானே சொல்லியிருந்தேன். குற்றவாளிகள் பொதுவாக இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வதில்லை.

இதை நான் சொல்லி முடிக்க, ரீச்சர் கோவையைத் திறந்தார். உள்ளே ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாள்கள். மூன்று வருடம். மாதம் மாதமாக, திகதி வாரியாக. ஒன்றிரண்டில் உப்புத்தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. நான் அனுப்பி மறந்த பற்றுச்சீட்டுகள். ஆடு அங்கே இருந்தது. ஈரம் அங்கே இருந்தது.

"பள்ளிக்கூடத்திலை நாங்கள் ஒண்டையும் எறியிறேல்லை" என்றார்.

ஒஸ்லோக்காரரிடம் பூட்டைத் திறக்கக் கேட்க வேண்டும். குழுவில் எல்லோரும் பார்க்கும் மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும். அது எங்கள் ஒழுங்கு. பதிவேட்டில் கை வைப்பதை யாரும் மறைவாகச் செய்யக் கூடாது. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதிவேட்டை மாற்றும்போது ஏற்பட்ட எதிர்பாராத ஒரு பிரச்சினையால் சில பெயர்களும் குறிப்புகளும் இழக்கப்பட்டுள்ளன. அழகான வசனம். அதில் யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் தானாக ஏற்பட்டது. வாசிக்கிறவர் மாற்றும் நிரலில்தான் கோளாறு என்று எண்ணிக்கொள்வார். நான் பொய் சொன்னதாகவும் ஆகாது.

பக்கத்தில் இருந்து ரீச்சர் திரையை வாசித்தார்.

"அண்ணை, இந்த எதிர்பாராத பிரச்சினை எண்டிறது ஆர்?"

நான் அனுப்பும் பொத்தானைத் தேடினேன்.

"அவருக்கு ஒரு பேர் இருக்குமே."

பிள்ளைகளே, என் முப்பது வருட வேலையில் எத்தனையோ நெருக்கடிகள் வந்திருக்கின்றன. ஜெனரேற்றர் தீப்பிடித்தது, வட்டு உடைந்தது, பரீட்சை நடக்கும்போது பதினெட்டுக் கணினிகளும் ஒன்றாகக் கண்ணை மூடின. அவை ஒன்றிலும் எனக்கு விரல் இப்படித் தயங்கவில்லை. அந்த வசனத்தை அழித்தேன். மூன்று வரி எழுதினேன். மற்றவர்கள் செய்த வேலைக்கு என் பெயரைப் போட்டது நான். அவர்களை அடையாளம் காட்டிய குறிப்புகளை அழகுக்காகத் துடைத்தது நான். பழையதை அழிக்கச் சொன்னதும் நான். கீழே என் முழுப்பெயர், தலைப்பெழுத்துகளோடு. அனுப்பிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போவதாகச் சொல்லி எழும்பினேன். அங்கே நிற்க முடியவில்லை.

கேத்தில் கொதிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. ஒஸ்லோவில் காலை. நான் காதை எட்டப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"ஐசே," என்றார், "பள்ளிக்கூடத்திலை ஒவ்வொரு தவணையும் கணக்கிலை கோட்டை விட்டவர் நீர். அந்த வள்ள விதியை எப்பிடி எழுதினீர் எண்டு நான் மூண்டு வருசமா யோசிச்சனான். இப்பதான் நிம்மதி."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, திருத்தங்களை ஒரே பட்டியலாக அனுப்பும்படி சொன்னார்; வந்தவுடன் தானே ஏற்றுவதாகவும், இனிமேல் பதிவேட்டுக்குள் என் அழகுணர்ச்சியைக் கொண்டுவந்தால் விமானம் ஏறி வருவதாகவும் சொன்னார்.

அன்று பின்னேரம் முழுவதும், வியாழன் காலையும் இருந்தோம். ரீச்சர் ஊர்காவற்றுறையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடிய வந்துவிட்டார். அவர் தாளைப் பார்த்து வாசிக்க, நான் தட்டினேன். திகதி, உண்மையான ஆளின் பெயர், பழைய குறிப்பு. அவருடையதை மட்டும் முதலில் முடித்துவிடுவோமே என்று நான் சொன்னேன், வெள்ளிக்கிழமையை நினைத்து. கேட்கவில்லை. நயினாதீவும் அனலைதீவும் தாளில் எந்த ஒழுங்கில் வருகிறதோ அந்த ஒழுங்கில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிழையின் வரி வந்தபோது நான் தட்டுவதை நிறுத்தினேன். பெயரை மட்டும் மாற்றுவோம், "ரீச்சரின் விதி ஞாயிறும் பள்ளிக்கூடம் வைக்கிறது" என்ற குறிப்பைத் திருப்பிப் போடத் தேவையில்லை. கொழும்பில் பார்க்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றேன். ஒருவகையில் இதுவும் என் பழைய வியாதிதான். இந்தமுறை மற்றவருக்காகத் துடைக்க நின்றேன்.

"என்ர பிழையளையும் போடுங்கோ" என்றார். "பிழை ஒண்டும் இல்லாட்டி, இதை நான் செய்தனான் எண்டு ஆர் நம்புவினம்?"

போட்டேன்.

வியாழன் மத்தியானம் பட்டியல் முடிந்தது. இணைப்பை எடுத்தால், தொலைபேசி செத்துப்போயிருந்தது. எங்கள் தொலைபேசி காரணம் சொல்லிவிட்டுச் சாகும் வழக்கம் இல்லை. அது எப்போது எழும்பும் என்று காத்திருக்கவும் முடியாது. பட்டியலை டிஸ்கெற்றில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவது என்று முடிவெடுத்தோம். நான் டிஸ்கெற்றை சேட்டுப் பையில் போட்டேன். ரீச்சர் அதை வெளியே எடுத்து, பொலித்தீனில் சுற்றி, பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தார். பிறகு இரண்டாவது டிஸ்கெற் ஒன்றைக் கேட்டார். அதையும் நிரப்பி, சேட்டுப் பைக்கென்று என்னிடம் தந்தார். "இது நீங்கள் வைச்சிருங்கோ. ரெண்டிலை ஒண்டாவது போய்ச் சேரும்." எது போய்ச் சேரும் என்று அவர் நினைத்தார் என்பது இருவருக்கும் தெரியும்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ரின்னைத் திறக்கச் சொன்ன சிப்பாய், பிஸ்கற்றை எதிர்பார்த்து ஏமாந்த முகத்தோடு மூடினார். நான் குனிந்து என் பையைத் தூக்கும்போது சேட்டுப் பையில் இருந்த டிஸ்கெற் பஸ் மிதிபலகையில் விழுந்தது. ஏறிக்கொண்டிருந்த ஒருவர் அதன்மேல் முழுக்காலும் வைத்து ஏறினார். ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிரிக்கிறார் என்பது தோளில் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் இருந்து, ரின்னுக்குள் இருந்த டிஸ்கெற்றை வைத்து அனுப்பினோம். அரை மணித்தியாலத்தில் ஒஸ்லோவில் இருந்து ஒரு வரி வந்தது: "ஆடு வந்து சேர்ந்தது."

வெள்ளிக்கிழமை காலை ரீச்சர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் பேசிக்கொண்டே பக்கத்தைத் திறந்திருக்கிறார். இப்போது உங்கள் பெயர்தானே நிறைய இருக்கிறது, ஏன் மாறியது என்று கேட்டிருக்கிறார். வெளியார் எவரும் பார்க்கக்கூடிய எங்கள் குழு மின்னஞ்சலில் இருந்த என் மூன்று வரிகளை வாசிக்கும்படி ரீச்சர் சொன்னார். அவர் வாசித்தார். விண்ணப்பம் நிற்கிறது என்றார். அந்த மூன்று வரிகளுக்குப் பதிலாக என் எதிர்பாராத பிரச்சினை அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் அடிக்கடி யோசிப்பதில்லை.

எல்லாம் பிரித்துக் கொடுத்தபின் என் பெயரில் மிஞ்சியவை பதினொரு திருத்தங்கள். அவற்றில் எட்டு, என் மற்ற மூன்றில் விட்ட பிழைகளைத் திருத்தியவை. மனைவிக்கு அதையும் காட்டினேன். "இப்ப சரியா இருக்கு" என்றார். அந்தக் கிழமையே பைப்பையும் திருத்தினேன்.

நேர்முகத் தேர்வு மாத முடிவில் நடந்தது. முடிந்த கையோடு ரீச்சர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வள்ள விதியின் கணிதத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று இரவு பகலாகத் தயார்செய்து போயிருந்தார். அவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மீதி நேரம் குறிப்புகளை வாசித்துக் கேட்டிருக்கிறார்கள். டிஸ்கெற் ஈரம் என்றால் என்ன? அதற்குப் பிறகு ஏன் எல்லாத் திருத்தமும் இரண்டு வள்ளத்தில் வருகிறது? ஞாயிற்றுக்கிழமைப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதற்கு ரீச்சர், அதிபர் பூசை முடிந்து வரும்போது நேரசூசியைக் காட்டி ஒரு பார்வை பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். தேர்வுக்கு இருந்த மூன்று பேரும் சிரித்தார்களாம்.

இடம் கிடைத்தது.

அவர்கள் வாசித்துக் கேட்ட குறிப்புகள் எல்லாம் ஒஸ்லோக்காரர் திட்டித் திட்டியும் நான் எழுதியவை. பிறகு வெட்கப்பட்டு நானே துடைத்தவை. வெள்ளை வேட்டி கட்டிய என் வரிகளை வைத்து அந்த அறையில் யாரும் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க முடியாது. நீங்களும் ஒரு நாள் பழைய பதிவேட்டைப் புதிய ஒன்றுக்கு மாற்றுவீர்கள். இப்போதுள்ளதும் பழசாகத்தான் போகிறது. கை துருதுருக்கும். அப்போது ஆட்டை விட்டுவிடுங்கள், அது தன் பாட்டில் நிற்கட்டும்.

போவதற்கு முன் ரீச்சர் ஒருநாள் வந்தார். கடைசி டிஸ்கெற்றை யாரிடமும் கொடுத்துவிடாமல் தானே கொண்டுவந்திருந்தார். அவருக்கென்று தனிக் கணக்கு அப்போது திறந்தாகிவிட்டது. நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எனக்கும் கூட. நாலு மின்னஞ்சல்தான். மொத்தம் பத்து நிமிடம் பிடித்தது. நான் கதிரையை விட்டு எழும்பி அவரை இருத்தினேன். மூன்று வருடத்தில் அவர் தன் கையால் பதிவேட்டில் ஏற்றிய முதல் திருத்தம் அது. குறிப்பு எழுதும் இடம் வந்ததும் நிறுத்தி, என்ன எழுதுவது வழக்கம் என்று என்னைக் கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன்.

யோசித்துவிட்டு, ஒரு விரலால், ஆங்கில எழுத்தில் தட்டினார்:

"நெடுந்தீவு வள்ளத்தில் வந்தது. கடல் அமைதி. டிஸ்கெற் காய்ந்திருக்கு. கொண்டு வந்தது நான்."